கூடுவாஞ்சேரியிலேயே தீர்ந்துபோன நேரம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தாம்பரத்துக்கு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். கூடுவாஞ்சேரி கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 12, 12 என்றே வைத்துக்கொள்வோம். பொங்கல் விடுமுறை முடிந்து தென் மாவட்டங்களிலிருந்து ஊரே சென்னைக்குத் திரும்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறிய பஸ், மறைமலை நகர், காட்டாங்கொளத்தூர், பொத்தேரி என்று ஊர்ந்து கூடுவாஞ்சேரியை அடைகிறது. அந்த 12 கிலோமீட்டரில் அதன் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். இனிச் சாலை காலியாகிவிடுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், தாம்பரம் சேரும்போது மொத்தப் பயணத்தின் சராசரி 40 ஆக இருக்க, மிச்ச தூரத்தை என்ன வேகத்தில் ஓட்ட வேண்டும்?

கேட்டவுடன் வாயில் வரும் விடை 60. இருபதும் அறுபதும் சேர்ந்தால் எண்பது, அதில் பாதி நாற்பது. தப்பு. சரியான விடை: எந்த வேகத்தில் ஓட்டினாலும் முடியாது. ராக்கெட்டில் ஏற்றிவிட்டாலும் முடியாது.

24 கிலோமீட்டரை மணிக்கு 40 என்ற சராசரியில் கடக்க ஆகும் நேரம் 36 நிமிடம். முதல் 12 கிலோமீட்டரை 20 வேகத்தில் கடக்க ஆன நேரமும் அதே 36 நிமிடம். பஸ் கூடுவாஞ்சேரியில் நிற்கும்போதே கையிலிருந்த நேரம் முழுவதும் செலவாகிவிட்டது. மிச்ச 12 கிலோமீட்டருக்கு மிச்சமிருப்பது பூஜ்யம் நிமிடம்.

இந்தப் புதிரில் சறுக்கியவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1934இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இதையே கொஞ்சம் வேறு உடையில் தன் நண்பர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். ஒரு பழைய கார் ஒரு மைல் மலை ஏறி ஒரு மைல் இறங்க வேண்டும். ஏறும்போது மணிக்கு 15 மைலுக்கு மேல் அதனால் போக முடியாது. மொத்தச் சராசரி 30 ஆக வேண்டுமானால் எந்த வேகத்தில் இறங்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பது தன் கண்ணில் பட்டதாக ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். காலத்தையும் வேகத்தையும் பற்றி உலகம் நினைத்ததையே புரட்டிப்போட்ட மனிதர் அவர். அவருக்கே உள்ளுணர்வு இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது கணக்கு.

அந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். தெரியாத வேகத்துக்கு ஒரு பெயர் வைக்கலாம், வே. விரும்பும் சராசரிக்கு ச. மொத்த நேரம் 24/ச மணி. அதில் முதல் பாதி எடுத்தது 12/20, இரண்டாம் பாதி எடுக்கப்போவது 12/வே. இரண்டையும் கூட்டி மொத்த நேரத்துக்குச் சமமாக்கி, வேயைத் தனியாகப் பிரித்தால் கிடைப்பது: வே = 20 × ச ÷ (40 − ச). இயற்கணிதத்தில் நடப்பது இவ்வளவுதான். தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டு, தெரிந்த எண்ணைக் கூட்டிக் கழிப்பது போலவே அதையும் கூட்டிக் கழிக்கிறோம். கடைசியில் அது தானாக வெளியே வந்து நிற்கும்.

இப்போது அந்தச் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள். சராசரி 30 போதும் என்றால் வேகம் 60. ஓட்டிவிடலாம். 35 வேண்டுமென்றால் 140. வண்டலூர் வழியாக அந்த வேகத்தில் போகும் பஸ்ஸில் நான் ஏற மாட்டேன். 39 வேண்டுமென்றால் 780, மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானம் உயரே போன பிறகு எட்டும் வேகத்துக்குப் பக்கம். 40 போட்டால் வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடுகிறது, சூத்திரம் அங்கேயே நின்றுவிடுகிறது. 45 போட்டால் விடை மைனஸ் 180. அதற்குப் பொருளும் உண்டு: 45 என்ற சராசரிக்கு மொத்தம் 32 நிமிடம்தான் அனுமதி, 36 ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே கூடுவாஞ்சேரியை அடைவதற்கு 4 நிமிடம் முன்பே தாம்பரத்தில் இறங்கியிருக்க வேண்டும்.

அறுபது என்று சொல்லத் தோன்றுவது ஏன்? 20, 60 இரண்டையும் சம பங்காளிகளாக மனம் எடுத்துக்கொள்கிறது. தூரத்தில் அவை சமம்தான். ஆனால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அளவு நேரத்தைக் கொண்டு வகுக்கப்பட்டது. மெதுவாகப் போன பகுதி அதிக நேரத்தைத் தின்கிறது, அதனால் சராசரியில் அதன் குரல் ஓங்கி ஒலிக்கிறது. சராசரி என்று யார் சொன்னாலும் எதால் வகுத்தது என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் தீர ஒரே ஒரு உண்மை போதும். சராசரியை எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் கிடைத்துவிடும். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய மழை அது. நான்கையும் கூட்டினால் 160, சராசரி 40. இந்த நாற்பது நான்கு இடங்களில் ஒன்றில்கூடப் பெய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சராசரியைத் திட்டுபவர்கள் வழக்கமாக இதைத்தான் சொல்வார்கள்: அது யாருடைய எண்ணும் இல்லை, எல்லாரையும் கரைத்துவிடுகிறது என்று. ஆனால் தாம்பரத்துப் பதிவேடு மட்டும் தொலைந்துபோய், மற்ற மூன்றும் இந்த 40ம் மிஞ்சியிருந்தால்? 40 × 4 = 160; 47, 35, 29 மூன்றும் சேர்ந்து 111; கழித்தால் 49. கரைந்துபோனதாக நினைத்த எண் அப்படியே திரும்பி வருகிறது. சராசரி எண்களை அழிப்பதில்லை, மொத்தத்தை மடித்து வைத்திருக்கிறது. எண்ணிக்கை தெரிந்தால் அதைப் பிரித்துவிடலாம்.

பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் நிலையங்களில் காலை நேரத்து மின்சார ரயிலிலிருந்து இறங்கும் கல்லூரிக் கூட்டத்துக்கு இந்த வித்தை பாடப்புத்தகம் இல்லாமலேயே தெரியும். வருகைப்பதிவு 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வெழுத முடியும். இதுவரை நடந்த 60 வகுப்பில் 40க்குத்தான் வந்திருக்கிறான் ஒருவன். இனி ஒன்றுவிடாமல் எத்தனை வகுப்புக்கு வந்தால் 75ஐத் தொடுவான்? வரவேண்டிய வகுப்பு எ என்றால், (40 + எ) என்பது (60 + எ)யில் முக்கால். நான்கால் பெருக்கிப் பிரித்தால் 160 + 4எ = 180 + 3எ. எ = 20.

இதையே சமன்பாடு எழுதாமல் விரலில் போடுகிற வழியும் உண்டு. அதைத்தான் ரயிலில் போடுகிறார்கள். 75ஐக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். வந்த ஒவ்வொரு வகுப்பும் கோட்டுக்கு மேலே கால் பங்கு சேர்க்கிறது. மட்டம் போட்ட ஒவ்வொரு வகுப்பும் முக்கால் பங்கு கீழே இழுக்கிறது. ஆகவே ஒரு மட்டத்துக்கு மூன்று வருகை ஈடு. 60இல் 45 வந்திருக்க வேண்டியவன் 40தான் வந்திருக்கிறான், 5 குறைவு. ஒவ்வொரு வருகையும் கால் கால் கொடுக்கும் என்றால் 5ஐ நிரப்ப 20 வருகை. பருவம் முடிய இன்னும் 16 வகுப்புதான் பாக்கி என்றால் பையன் கூடுவாஞ்சேரியில் நின்ற பஸ்ஸின் நிலையில் இருக்கிறான். பதினாறுக்கும் வந்தாலும் 76இல் 56, அதாவது 73.7 சதவீதம். இனி மருத்துவச் சான்றிதழ்தான்.

கோட்டுக்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும் கூட்டினால் பூஜ்யம் என்ற இந்தக் குணம்தான் சராசரியின் இலக்கணமே. இதைப் பொற்கொல்லர்கள் வெகு காலத்துக்கு முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். 1150இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் தங்கக் கணக்கு என்றே ஒரு பகுதி வருகிறது. அதில் ஒரு கணக்கின் சாரம் இது. 10 மாற்றுத் தங்கம் 8 மாஷம் (மாஷம் என்பது எடை அளவு), 11 மாற்றுத் தங்கம் 2 மாஷம், இவற்றோடு மாற்றுத் தெரியாத தங்கம் 6 மாஷம் சேர்த்து உருக்கியாயிற்று. உருக்கிய கட்டியை உரைத்துப் பார்த்தால் 12 மாற்று. மூன்றாவது தங்கத்தின் மாற்று என்ன? (நம் பேச்சில் உச்சம் பத்தரை மாற்று. பாஸ்கரருடைய அளவுகோலில் சுத்தத் தங்கம் 16.)

இந்தக் கணக்கு என்னைக் கவர்வதற்குக் காரணம் அதன் நடைமுறைத் தன்மை. மூன்றாவது துண்டு இப்போது தனியாக இல்லை. மூசையில் மற்றதோடு கலந்துவிட்டது. அதை எந்த உரைகல்லிலும் இனித் தேய்க்க முடியாது. கையில் இருப்பது கலவையின் சராசரி மட்டும். பாஸ்கரர் தரும் விதி: கலவையின் மாற்றை மொத்த எடையால் பெருக்கு, அதிலிருந்து தெரிந்த தங்கங்களின் எடையையும் மாற்றையும் பெருக்கிய தொகையைக் கழி, மிச்சத்தைத் தெரியாத தங்கத்தின் எடையால் வகு. 16 × 12 = 192. 80ம் 22ம் சேர்ந்து 102. மிச்சம் 90. ஆறால் வகுத்தால் 15. தாம்பரத்து மழையை மீட்ட அதே வழி. கோடு போடும் முறையில் இன்னும் வேகம்: 12 என்பது கோடு, 8 மாஷம் இரண்டிரண்டு கீழே, 16, 2 மாஷம் ஒவ்வொன்று கீழே, 2, ஆக 18 பள்ளம். அதை 6 மாஷம் நிரப்ப வேண்டும், ஒவ்வொன்றும் 3 மேலே. 12ம் 3ம் 15.

பாஸ்கரருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் கணித சார சங்கிரகம் எழுதினார். தங்கக் கலவைக் கணக்குகள் அதிலும் நிறைய. அந்த நூல் ஆங்கில மொழிபெயர்ப்போடு முதன்முதலில் அச்சேறியது நம் ஊரில்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த எம். ரங்காசாரியார் சுவடிகளைத் தேடிப்பிடித்துப் பதிப்பித்தார். 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. காரி நாயனாரின் தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்திலும் பொன்னுக்கென்று கணக்குகள் உண்டு. அன்றைய வாழ்க்கையில் வட்டியும் தங்கமும் நெல்லும் நிலமும்தானே கணக்கு. அந்த நான்கிலும் கலவையும் சராசரியும் இல்லாமல் நகர முடியாது.

நிலம் என்றதும் குளம் வெட்டும் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டில் அதைச் சொல்லாமல் போனால் கொளவாய் ஏரி கோபித்துக்கொள்ளும். கரையும் தரையும் ஒழுங்கில்லாத பள்ளத்தில் எத்தனை மண் எடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது? பல இடங்களில் அளந்து சராசரி எடு என்கிறது லீலாவதி. அதில் வரும் பள்ளத்தின் நீளம் மூன்று இடங்களில் 10, 11, 12 முழம். அகலம் 5, 6, 7. ஆழம் 2, 3, 4. சராசரிகள் 11, 6, 3. பெருக்கினால் 198 கன முழம். இன்றைக்கும் மண்வேலையை அளந்து அளவுப் புத்தகமான எம்-புக்கில் ஏற்றும் ஓவர்சியர் பல இடத்தில் அளவெடுத்துச் சராசரி போடுகிறார்.

ஆனால் பாஸ்கரர் அங்கேயே நின்றுவிடவில்லை. மேலிருந்து கீழாகச் சீராக ஒடுங்கும் கிணறு என்றால் இந்த வழி போதாது என்று அவருக்குத் தெரியும். மேல்வாய் 12க்கு 10, அடி 6க்கு 5, ஆழம் 7 என்று ஒரு கிணற்றை எடுத்துக்கொள்கிறார். நீள அகலங்களைச் சராசரி எடுத்துப் பெருக்கினால் 9 × 7.5 × 7, அதாவது 472.5. அவர் தரும் விதியோ வேறு: மேல் பரப்பு 120, அடிப் பரப்பு 30, இரண்டின் நீளங்களைக் கூட்டி அகலங்களைக் கூட்டிப் பெருக்கிய பரப்பு 270, மூன்றையும் சேர்த்து ஆறால் வகுத்தால் 70, ஆழத்தால் பெருக்கினால் 490. இதுதான் சரி. சராசரிகளின் பெருக்கல் வேறு, பெருக்கல்களின் சராசரி வேறு. நீளம் கூடும் இடத்திலேயே அகலமும் கூடுகிறபோது முதலாவது வழி மண்ணைக் குறைத்துக் காட்டும். கனத்துக்குக் காசு வாங்கும் ஒப்பந்தக்காரருக்கு அந்தப் பதினேழரை முழம் சும்மா இல்லை.

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் கட்-ஆஃப் கணக்கும் இந்தக் குடும்பம்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணிதத்தின் 100 அப்படியே வரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகக் குறைந்து 50, 50 ஆகும். மொத்தம் 200. இயற்பியலில் 92, வேதியியலில் 94 வரும் என்று நம்பும் மாணவி 190 கட்-ஆஃப் எட்ட வேண்டுமானால் 46ம் 47ம் போக கணிதத்தில் 97 வாங்க வேண்டும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் நழுவினால் மற்ற பாடத்தில் இரண்டு தேட வேண்டும். தங்கத்துக்கு எடை போல இங்கே பாடத்துக்கு எடை. வேறொன்றும் புதிதில்லை.

புதிதாக இருப்பது, முழுதாகச் சொல்லப்படாத சராசரிகளில் வரும் சிக்கல். மழைக் கணக்கில் 49, 47 என்று எழுதினேனே, வானிலை அறிக்கையில் அவை முழுச் சென்டிமீட்டருக்குத் திருத்தப்பட்டவை. ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் இப்படி அப்படி இருக்கலாம். நான்கின் மொத்தத்தில் அந்தத் தடுமாற்றம் இரண்டு சென்டிமீட்டர் வரை போகலாம். நாற்பது பேர் வகுப்பின் சராசரி 62 என்று ஆசிரியர் முழு எண்ணுக்குத் திருத்திச் சொன்னால், மொத்தம் 2460க்கும் 2500க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. 39 பேருடைய மதிப்பெண் தெரிந்தாலும் நாற்பதாவது ஆளின் மதிப்பெண்ணை 40 மதிப்பெண் அகலத்துக்குள்தான் அடைக்க முடியும். சராசரியைத் திருத்தியதில் வந்த சின்னத் தவறு, எண்ணிக்கையால் பெருகி, தேடுகிற ஒற்றை ஆளின் தலையில் மொத்தமாக விழுகிறது.

இரண்டு தசமம் கொடுத்தால் நிலைமை தலைகீழ். கிரிக்கெட் உலகின் மிகப் புகழ்பெற்ற எண் 99.94. டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி. 80 இன்னிங்ஸில் 10 முறை ஆட்டமிழக்காதவர், ஆகவே வகுக்கும் எண் 70. அவர் மொத்தம் எத்தனை ரன் எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 99.94 என்று திருத்தப்பட வேண்டுமானால் உண்மையான சராசரி 99.935க்கும் 99.945க்கும் இடையில் இருக்க வேண்டும். எழுபதால் பெருக்கினால் 6995.45 முதல் 6996.15 வரை. ரன் என்பது முழு எண். அந்த இடைவெளியில் இருக்கும் ஒரே முழு எண் 6996. அதுதான் அவர் எடுத்தது. 1948 ஆகஸ்ட் 14 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி முறையாக மட்டை பிடிக்க வந்தபோது, ஆட்டமிழந்தாலும் சராசரி நூறில் நிற்க அவருக்குத் தேவைப்பட்டது 70 × 100 − 6996 = 4 ரன். எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே பூஜ்யத்துக்கு ஸ்டம்பைப் பறிகொடுத்தார்.

முழு எண்களின் இந்தப் பிடிவாதத்தைப் பிடித்துக்கொண்டு நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற இருவர் 2017இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் உளவியல் ஆராய்ச்சியாளர்கள் பலரை நெளிய வைத்தார்கள். இருபது பேரிடம் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொன்னோம், சராசரி 3.47 என்று ஒரு கட்டுரை சொல்கிறது. 3.47 × 20 = 69.4. இருபது முழு எண்களைக் கூட்டினால் 69.4 வராது. 69 வந்தால் சராசரி 3.45, எழுபது வந்தால் 3.50. நடுவில் எதுவும் இல்லை. 3.47 என்ற எண் பிறக்கவே வழியில்லை. இப்படிச் சோதிக்கத் தோதான 71 கட்டுரைகளை எடுத்துப் பார்த்ததில் ஏறத்தாழப் பாதியில் இப்படி ஒரு சராசரியாவது அகப்பட்டது. எல்லாம் மோசடி இல்லை. அச்சுப்பிழை இருக்கலாம், பாதியில் விலகியவர்களை எண்ணாமல் விட்டிருக்கலாம். ஆனால் கருவி என்று பார்த்தால் ஒரு பெருக்கல் மட்டும்தான். ஆய்வாளரின் மூலத் தரவைக் கேட்கக்கூட வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததெல்லாம் ஒரே ஒரு தெரியாத எண். இரண்டு எண்கள் தெரியாவிட்டால்? பழைய இந்தியக் கணித நூல்கள் இதற்கும் பெயர் வைத்துத் தயாராக இருந்தன. முதல் தெரியாததற்கு 'யா', அடுத்தடுத்தவற்றுக்கு நிறங்களின் சமஸ்கிருதப் பெயரிலிருந்து முதலெழுத்து: கருப்புக்கு 'கா', நீலத்துக்கு 'நீ', மஞ்சளுக்கு 'பீ'. பெயர் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், சராசரி ஒன்றுதான் என்றால் சமன்பாடும் ஒன்றுதான். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடச் சராசரி 81 வாங்கிய பிள்ளையின் மூன்று பாட மதிப்பெண் 78, 90, 85 என்று தெரிகிறது. மற்ற இரண்டும் சேர்ந்து 152 என்பதற்கு மேல் இயற்கணிதம் நகராது. ஆனாலும் கை விரிக்க வேண்டியதில்லை. எந்தப் பாடமும் நூறைத் தாண்டாது, ஆகவே இரண்டில் எதுவும் 52க்குக் கீழே இல்லை. அதே மீதி 198 ஆக இருந்திருந்தால் 98க்கும் 100க்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். 200 என்றால் இரண்டும் நூறு, ஒரே சமன்பாட்டில் இரண்டு விடை. உச்சத்துக்குப் பக்கத்தில் போகப் போகச் சராசரிக்கு ரகசியம் காக்கத் தெரியாது.

ரகசியம் என்பதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மறைமலை நகருக்கும் மகிந்திரா சிட்டிக்கும் இடையில் வேலை பார்க்கும் ஐந்து பேர் குழு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். யாருடைய சம்பளத்தையும் வெளியில் சொல்லக் கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. குழுச் சராசரியை மட்டும் மாதாமாதம் அறிக்கையில் போடுகிறார்கள். போன மாதம் 48,000. இந்த மாதம் ஒருவர் புதிதாகச் சேர்ந்து ஆறு பேர், சராசரி 51,000. 6 × 51,000 என்பது 3,06,000. 5 × 48,000 என்பது 2,40,000. புதிதாக வந்தவருக்கு 66,000. விதியை யாரும் மீறவில்லை, இரண்டு அறிக்கையிலும் ஒரு தனிநபர் எண்கூட இல்லை, இருந்தும் தேநீர் இடைவேளைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அரசுகளுக்கு இது பெரிய தலைவலி. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் தகவலை வெளியிடக் கூடாது என்கிறது. பட்டியல்களோ மொத்தங்களாலும் சராசரிகளாலும் ஆனவை. பட்டியல்கள் போதுமான அளவு நுணுக்கமாகவும், ஒன்றோடொன்று கழித்துப் பார்க்கத் தோதாகவும் இருந்தால், ஏராளமான சமன்பாடுகள் கிடைத்துவிடும். தெரியாதவற்றை ஒவ்வொன்றாக வெளியே இழுக்க இன்றைய கணினிகளுக்கு அலுப்புத் தட்டாது. அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகம் தன் பழைய பட்டியல்களைத் தானே இப்படி உடைத்துப் பார்த்துப் பயந்து, 2020 கணக்கெடுப்பின் முடிவுகளில் வேண்டுமென்றே சிறுசிறு தற்செயல் பிழைகளைக் கலந்து வெளியிட்டது. மாநில அளவில் மொத்த மக்கள்தொகையைத் தொடவில்லை. சிற்றூர், தெருத்தொகுதி என்று இறங்க இறங்க எண்களில் நடுக்கம் இருக்கும். நம்முடைய அடுத்த கணக்கெடுப்புக்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. முதன்முறையாக மின்னணு முறையில் நடக்கப்போகிறது என்பதால், பட்டியல்களும் முன்பைவிட நுணுக்கமாகவே கேட்கப்படும்.

எத்தனை நுணுக்கம் வரை போகலாம் என்பதற்குச் சமன்பாடே எல்லை சொல்லும். ஓர் ஊரில் நூறு வயதைத் தாண்டியவர்களின் சராசரி மாத வருமானம் என்று ஒரு கட்டத்தை நிரப்புகிறார்கள். அப்படி இருப்பவர் ஒருவர்தான் என்றால் அந்தச் சராசரி அவருடைய வருமானமேதான். இரண்டு பேர் இருந்தால் ஊராருக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு பாட்டிகளில் ஒவ்வொருவரும் சராசரியை இரண்டால் பெருக்கித் தன்னுடையதைக் கழித்தால், மற்றவருக்கு மகன் அனுப்பும் பணம் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிடலாம். மூன்று பேர் என்றாலும் இருவர் திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்தால் மூன்றாமவர் கதை முடிந்தது. இதனால்தான் உலகின் பல புள்ளியியல் அலுவலகங்கள், ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவான ஆட்கள் இருக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகின்றன. அதையும் அரைகுறையாகச் செய்ய முடியாது. ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, வரிசையின் மொத்தத்தை ஓரத்தில் அச்சிட்டால், கழித்தல் தெரிந்த யாரும் அதை நிரப்பிவிடுவார்கள். அதனால் அதே வரிசையில் எந்தக் குற்றமும் செய்யாத இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்கிறார்கள்.